அம்மாவைக் குளிப்பாட்ட வருபவர் யார்? மருத்துவப் பணியாளர்களின் குற்றப் பின்னணிச் சோதனை

போன வருஷம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்து செந்தூல் வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாளே, உடன் இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். தெரிந்தவர் ஒருவர் ஓர் ஏஜென்சியின் எண்ணைக் கொடுத்தார். வாட்ஸ்அப்பில் கேட்ட இருபது நிமிடத்தில் மூன்று பெண்களின் படம், வயது, மாதச் சம்பளம் எல்லாம் வந்துவிட்டன. "இவங்க மேல போலிஸ் ரெக்கார்டு ஏதும் இருக்கான்னு பாத்தீங்களா?" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் ஒருவருடைய ஐசியின், அதாவது அடையாள அட்டையின் படமும் கோவிட் ஊசி போட்டதற்கான மைசெஜாத்தெரா செயலிச் சான்றும் வந்தன. கூடவே ஒரு குரல் செய்தி: "எல்லாம் நல்ல ஆளுங்க சார், கியாரண்டி."

அதே மாதம் என் அக்கா மகள் இங்கிலாந்துக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாகக் கோலாலம்பூரில் தாதியாக வேலை பார்த்தவள். அவளை வேலைக்கு எடுத்த அந்த ஊர் ஆஸ்பத்திரி, மலேசியாவில் இவள் மேல் குற்றப் பதிவு எதுவும் இல்லை என்பதற்குச் சான்று கேட்டது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா தரும் 'சிஜில் கெலாக்குவான் பாய்க்', அதாவது நன்னடத்தைச் சான்றிதழ். இணையத்தில் மனுச் செய்ய வேண்டும், கட்டணம் 20 வெள்ளி (ரிங்கிட்). விண்ணப்பத்தைப் போலிஸ் தன் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சான்றிதழ் கையில் கிடைக்கும்.

அதைப் பார்த்ததும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்கும் இதையே வாங்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தச் சான்றிதழ் வெளிநாட்டில் வேலை, படிப்பு, குடியேற்றம் என்று போகிறவர்களுக்காக ஏற்பட்டது. செந்தூலில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வருபவருக்காக அதைக் கேட்க முடியாது. இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் உறுதி, இங்கே என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

மலேசியாவில் யாரையுமே சோதிப்பதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற காவலாளியைச் சோதிக்கிறார்கள். 1971-ஆம் ஆண்டின் தனியார் ஏஜென்சிகள் சட்டத்தின்கீழ் நடக்கும் காவல் நிறுவனங்கள், வேலைக்கு எடுப்பவர்களின் பெயர்களை உள்துறை அமைச்சின் பாதுகாப்பு அலசலுக்கு அனுப்ப வேண்டும். மாமாக் கடையில் ரொட்டி சானாய் வீசுகிறவருக்கு, 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள்படி டைபாய்டு ஊசியும் பயிற்சிச் சான்றும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவருக்கு ஃபோமேமா மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் வீட்டில் படுத்த படுக்கையாய் இருக்கும் ஒருவரின் உடுப்பைக் களைந்து, குளிப்பாட்டி, மருந்து ஊட்டி, இரவில் தனியாகக் கூட இருக்கும் ஆளிடம் இப்படி எதுவும் கேட்கப்படுவதில்லை என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

முதலில், பதிவு யாரிடம் இருக்கிறது என்று பார்ப்போம். 1969-ஆம் ஆண்டின் குற்றவாளிகள், விரும்பத்தகாதவர்கள் பதிவுச் சட்டம் என்று ஒன்று உண்டு. சட்ட எண் 7. தண்டிக்கப்பட்டவர்களின் பெயர், கைரேகை, படம் எல்லாம் அந்தச் சட்டத்தின்கீழ்ப் போலிஸின் பதிவேட்டில் ஏறுகின்றன. தனியார் முதலாளியோ உங்களையும் என்னையும் போன்ற குடும்பமோ நேரே போய் அதைப் புரட்டிப் பார்க்க முடியாது. அது சரியும்கூட. அண்டை வீட்டார் சண்டைக்கெல்லாம் ஒருவருடைய பழைய வழக்கைத் தோண்டி எடுக்க விட்டால் யாரும் நிம்மதியாக வாழ முடியாது. ஆனால் பதிவேட்டைப் பூட்டி வைத்த நாடு, நோயாளிகளுக்காக ஒரு சின்ன ஜன்னலையாவது திறந்து வைத்திருக்க வேண்டும்.

அரசாங்க வேலைக்கு அந்த ஜன்னல் இருக்கிறது. அரசு ஊழியராகச் சேர்கிறவர்கள் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகத்தின் இ-வெட்டிங் என்ற இணையவழிப் பின்னணிச் சோதனை முறையில் பாரம் நிரப்ப வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி தாதியும் 'பிபிகே' என்று எல்லாரும் சொல்கிற பராமரிப்பு உதவியாளரும் இதில் அடங்குவார்கள். அதே வார்டில் தரை துடைப்பவரும் துணி எடுத்துப் போகிறவரும் பெரும்பாலும் அரசு ஊழியர்கள் கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரிகளின் துப்புரவு, சலவை போன்ற வேலைகள் 1997 முதல் குத்தகை நிறுவனங்களின் கையில் இருக்கின்றன.

தனியார் பக்கம் கதை வேறு. 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம், எண் 586, நடப்புக்கு வந்தது 2006-இல். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர் தம் தொழிலுக்குரிய சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், அப்படி ஒரு சட்டமே இல்லாத தொழில் என்றால் சுகாதாரத் தலைமை இயக்குநர் ஏற்கும் தகுதியும் அனுபவமும் இருக்க வேண்டும் என்று அது உரிமம் பெற்றவர் மேல் பொறுப்பைச் சுமத்துகிறது. அதாவது அங்கே கேள்வி, 'இந்த வேலை இவருக்குத் தெரியுமா' என்பதுதான்.

பதிவு பெற்ற தொழில்களில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. மருத்துவர்களுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசிய மருத்துவ மன்றமும் இருக்கின்றன. சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய எந்தக் குற்றத்துக்காக ஒரு மருத்துவர் தண்டிக்கப்பட்டாலும், அது மலேசியாவில் நடந்தாலும் வெளிநாட்டில் நடந்தாலும், மன்றம் அவரை விசாரித்துப் பெயரை நீக்கலாம், தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். தாதியர்களுக்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டமும் தாதியர் வாரியமும். நம் பெரியவர்கள் 'டிரஸர் ஐயா' என்று மரியாதையோடு அழைத்தார்களே, அந்த மருத்துவ உதவியாளர்களுக்கு 1977-ஆம் ஆண்டுச் சட்டம். இயன்முறை சிகிச்சையாளர், உணவியல் நிபுணர் உட்பட 23 தொழில்களுக்கு 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம். இவர்கள் எல்லாருக்கும் இழப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது. தவறு செய்து மாட்டிக்கொண்டால் ஏட்டிலிருந்து அந்தப் பெயர் போய்விடும், அப்புறம் அந்தத் தொழிலே செய்ய முடியாது.

நோயாளியைப் பராமரிக்கும் உதவியாளரை ஆஸ்பத்திரிகளில் 'பிசிஏ' என்கிறார்கள், வீட்டில் 'பார்த்துக்கிற அக்கா' என்கிறோம். அவருக்கு ஏடே இல்லை. எழுத ஏடு இல்லாத இடத்தில் நீக்க என்ன இருக்கிறது? ஒரு முதியோர் இல்லத்தில் கிழவியை அறைந்ததற்காகவோ மோதிரத்தைக் கழற்றியதற்காகவோ வேலையை விட்டு அனுப்பப்பட்டவர், மறுவாரமே வேறொரு ஏஜென்சியின் வாட்ஸ்அப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கலாம். நோயாளியின் உடம்புக்கு எவ்வளவுக்கு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவுக்கு அவ்வளவு கண்காணிப்பு குறைந்துகொண்டே போகிறது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் நாடு கொஞ்சம் விழித்துக்கொண்டது. 2016-இல் திருத்தப்பட்ட சிறார் சட்டம், சிறாருக்கு எதிரான குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களின் பதிவேட்டுக்கு வழி செய்தது. 2019 முதல், ஒருவரை வேலைக்கு எடுக்குமுன் அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று சமூக நல இலாகாவிடம் விண்ணப்பித்துக் கேட்கலாம். 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம், எண் 792, 'நம்பிக்கைக்குரிய உறவு' என்று ஒரு பட்டியலே போட்டது. பெற்றோர், ஆசிரியர், பயிற்றுநர் ஆகியோரோடு, அரசாங்க அல்லது தனியார் இடத்தில் சுகாதாரச் சேவை தருபவரும் அதில் இருக்கிறார். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு குற்றம் செய்தால், அந்தக் குற்றத்துக்கான தண்டனைக்கு மேல் 5 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 2 பிரம்படியும் கூடும்.

ஆனால் இந்தப் பதிவேடு 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. எண்பது வயதுத் தாயும், பக்கவாதத்தில் பேச்சிழந்த தகப்பனும், நடந்ததைச் சொல்லத் தெரியாத மனவளர்ச்சி குன்றிய முப்பது வயது மகனும் அதன் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். வாய் திறந்து சொல்ல முடியாத நிலையில் பிள்ளைகளும் இவர்களும் ஒன்றுதான்.

சரி, தனியார் சோதனை நிறுவனங்கள் இருக்கின்றனவே, அவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அவர்களால் தேட முடிந்தது பொதுவில் கிடக்கும் நீதிமன்ற விவரம், செய்தி, கடன் அறிக்கை, திவால் பதிவு போன்றவை. போலிஸ் ஏடு அவர்களுக்கும் திறக்காது. கடன் அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒருவரின் நாணயத்தை முடிவு செய்வது எனக்கு ஒப்பவில்லை. கணவரை இழந்து கடனட்டையில் சிக்கிக்கொண்ட எத்தனையோ பெண்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள். கடன் பட்டவரெல்லாம் திருடரா? பெயரை வைத்துத் தேடுவதில் நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. லெட்சுமி என்ற மகளும் முனியாண்டி என்ற தகப்பனும் இந்த நாட்டில் எத்தனை வீடுகளில் இருப்பார்கள்! அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணை வைத்துப் பார்க்காத எந்தத் தேடலும் யாரோ செய்த குற்றத்தை யார் தலையிலோ கட்டிவிடும்.

இன்னொரு சட்டத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எண் 709, ஒருவர் குற்றம் செய்தார் என்ற தகவலையும் செய்ததாகச் சொல்லப்படும் தகவலையும் உடல்நலம், மதம் போன்றவற்றோடு சேர்த்து 'உணர்வுபூர்வமான தரவு' வகையில் வைக்கிறது. அப்படிப்பட்ட தகவலை வணிக நிறுவனம் கையாள, சம்பந்தப்பட்டவரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். ஆகவே ஓர் ஏஜென்சி, ஆளிடம் கேட்காமல் வழக்கு விவரத்தைத் தேடி அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், சட்டத்தின் தவறான பக்கத்தில் நிற்பது அந்த ஏஜென்சிதான்.

வெளிநாடுகளில் எப்படி என்று அக்கா மகளின் பாரங்களைப் பார்த்துக்கொண்டே படித்தேன். இங்கிலாந்தில் 2012-இல் டிபிஎஸ் என்ற அமைப்பு உருவானது. பழைய குற்றப் பதிவு அலுவலகத்தையும், இத்தகைய வேலைக்கு வரக் கூடாதவர்களின் தடைப் பட்டியலை வைத்திருந்த அமைப்பையும் ஒன்றாக்கியது அது. நோயாளியோடு நெருங்கிப் பழகும் வேலை என்றால் அங்கே தண்டனைப் பதிவும் தடைப் பட்டியலும் இரண்டும் பார்க்கப்படும். ஆஸ்திரேலியாவில் பதிவுக்கு மனுச் செய்யும் தாதி, முன்பு வாழ்ந்த நாடுகளின் குற்றப் பதிவுச் சோதனைக்கும் உட்பட வேண்டும். பக்கத்திலுள்ள இந்தோனேசியாவில்கூட, போலிஸிடம் எஸ்கேசிகே என்ற சான்று வாங்கி வேலை மனுவோடு இணைப்பது சாதாரண வழக்கம்.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இங்கிலாந்தில், ஒருவர் நோயாளிக்குத் தீங்கு செய்தார் என்று வேலையை விட்டு நீக்கும் முதலாளி, அதை டிபிஎஸ்ஸுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. அவர் தாமே ராஜினாமா செய்துவிட்டுப் போனாலும் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றம் வரை போகாத விஷயமும் இப்படித்தான் தடைப் பட்டியலை எட்டுகிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு பழைய வழக்குகளே போதும். ஹெரால்ட் ஷிப்மன் என்ற ஆங்கில மருத்துவர் 1976-இல், தாம் பயன்படுத்திய பெதிடின் என்ற வலிநிவாரணிக்காகப் பொய் மருந்துச் சீட்டு எழுதியதற்குத் தண்டிக்கப்பட்டார். அபராதம் கட்டினார், மறு வருஷமே வேறோர் ஊரில் வேலைக்குச் சேர்ந்தார். 2000-ஆம் ஆண்டில் 15 நோயாளிகளைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்றார். பின்னால் நடந்த விசாரணை, அவர் கையால் இறந்தவர்கள் சுமார் 250 பேர் என்று கணித்தது. பழைய தண்டனை யாருக்கும் தெரியாததாக இருக்கவில்லை. அது ஏட்டில் இருந்தது, அதற்குப் பிறகு அவர் கையில் போகும் மருந்தை யாரும் கவனிக்கவில்லை.

சார்ல்ஸ் கல்லன் என்ற அமெரிக்கத் தாதியின் கதை இதற்கு நேர் எதிர். 1988 முதல் 2003 வரை நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஆஸ்பத்திரி மாறிக்கொண்டே இருந்தார். சந்தேகம் வந்த இடங்களிலும் அவரை வெளியே அனுப்பியதோடு சரி. அடுத்த ஆஸ்பத்திரிக்கு உண்மையைச் சொன்னால் வழக்குப் போட்டுவிடுவாரோ என்ற பயம். கடைசியில் 29 கொலைகளை ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் நியூ ஜெர்சி 2005-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பணியாளரின் நடத்தையால் நோயாளிக்கு ஆபத்து என்றால் ஆஸ்பத்திரி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், வேறு ஆஸ்பத்திரி கேட்டால் மறைக்கக் கூடாது. போலிஸ் ஏட்டை மட்டும் பார்த்திருந்தால் கல்லனின் கொலைகள் அதில் தென்பட்டிருக்காது. அவரை வெளியே அனுப்பியவர்களின் மனத்தில்தான் அந்தச் சந்தேகம் பூட்டிக் கிடந்தது.

நம் ஊரிலும் இதைத்தான் பார்க்கிறேன். "அவங்களா? இங்க வேலை பாத்தாங்க, நின்னுட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். யாரும் பகை தேடிக்கொள்ள விரும்புவதில்லை. ஆகவே போலிஸ் சோதனை வேண்டும் என்று மட்டும் கேட்டால் பாதிக் கிணறுதான் தாண்டுவோம். நீக்கியவர் சொல்ல வேண்டும் என்ற கடமையும், உண்மையைச் சொன்னவருக்குச் சட்டப் பாதுகாப்பும் கூடவே வர வேண்டும்.

இப்படிச் சொல்லும்போது மனத்தில் ஒரு தயக்கமும் இருக்கிறது. 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15(1) பிரிவைப் பற்றி நம் தாமான் குடியிருப்புகளில் தெரியாதவர்கள் குறைவு. சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் தெரிந்தால் 5,000 வெள்ளிவரை அபராதம் அல்லது 2 ஆண்டுவரை சிறை. பத்தொன்பது வயதில் கூடாத சகவாசத்தால் அப்படி ஒரு தண்டனை வாங்கி, பின்னால் திருந்தி, முப்பத்தைந்து வயதில் நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கும் வேலையை அன்போடு செய்கிற பையனை ஆயுளுக்கும் ஒதுக்கிவிட வேண்டுமா? மருந்துப் பெட்டியின் சாவியை அவனிடம் கொடுப்பதற்குமுன் யோசிக்கலாம். வேலையே இல்லை என்பது அநியாயம். இத்தனை வருஷம் கழிந்தால் பழைய தண்டனையைக் கேட்கக் கூடாது என்று சொல்லும் பொதுச் சட்டம் மலேசியாவில் இல்லை. இங்கிலாந்தில், சிறைக்குப் போகாத, கொடிய குற்றங்களின் பட்டியலில் சேராத ஒரு தண்டனை, வயது வந்தவருக்கு 11 ஆண்டுகள் கழிந்தால் சோதனைச் சான்றில் வராது. கைதானதும் தண்டிக்கப்பட்டதும் ஒன்றல்ல என்பதையும் சட்டம் எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாது. போக்கா என்ற குற்றத் தடுப்புச் சட்டத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்ட பிள்ளைகள் உள்ள சமூகம் நம்முடையது.

ஹாங்காங் 2011-இல் தொடங்கிய முறை எனக்குப் பிடித்திருக்கிறது. பிள்ளைகளோடும் மனநலக் குறைபாடு உள்ளவர்களோடும் வேலை செய்ய வருபவர், பாலியல் குற்றப் பதிவுச் சோதனைக்குத் தாமே போலிஸில் விண்ணப்பிக்கிறார். அவருக்கு ஒரு குறியீட்டு எண் கிடைக்கும். அதை முதலாளியிடம் கொடுத்தால், முதலாளி ஒரு தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டு முடிவைக் கேட்டுக்கொள்ளலாம். வேலைக்குச் சம்பந்தமில்லாத பழைய கதை எதுவும் வெளியே வராது, சம்மதமும் அதிலேயே அடங்கிவிடுகிறது. விஸ்மா புத்ரா சான்றிதழுக்காகப் போலிஸ் செய்யும் அதே அலசலை, 20 வெள்ளியை வாங்கிக்கொண்டு, உள்நாட்டுப் பராமரிப்பு வேலைக்கும் இப்படித் திறந்துவிட என்ன தடை?

அது வரும்வரை வீட்டில் ஆள் வைப்பவர்கள் செய்யக்கூடியது சில உண்டு. ஏஜென்சி சொல்வதோடு நிற்காமல், அவர் முன்பு வேலை பார்த்த இரண்டு வீடுகளின் எண்ணைக் கேட்டு நீங்களே கூப்பிடுங்கள். "ஏன் நின்னாங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தில்தான் பலர் உண்மையைச் சொல்கிறார்கள். ஐசியின் படம் போதாது, அட்டையைக் கையில் வாங்கி முகத்தோடு ஒப்பிடுங்கள். தாதி என்று சொல்லிக்கொண்டு வந்தால் வாரியப் பதிவும் அந்த ஆண்டுக்கான தொழில் சான்றும் கேளுங்கள். மருத்துவர் என்றால் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரை நீங்களே தேடலாம். நானும் இப்படித்தான் இரண்டு வீடுகளுக்குப் போன் செய்தேன். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், இந்த அக்கா வந்த பிறகுதான் தன் அப்பா சிரித்தார் என்றார்.

வந்தவர் ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாள் நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து ஐசியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நல்லா பாருங்க தம்பி. என் மேல கேஸ் இருக்கான்னு எங்க போயி கேக்கணுமோ கேளுங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். போய்க் கேட்க ஓர் இடம் இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் அவரே சொன்னார். முன்பு ஒரு வீட்டில் கிழவியின் மோதிரம் காணாமல் போனது. ஒரு வாரம் வீட்டாரெல்லாரும் இவரையே பார்த்தார்களாம். கடைசியில் மோதிரம் மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவில் கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, இவரும் அங்கே தொடரவில்லை.

அதனால் இப்போது அவருக்கு ஒரு பழக்கம். தினம் காலையில் குளிப்பாட்டுமுன் அம்மாவின் சங்கிலியையும் இரண்டு வளையலையும் கழற்றி, மூடி போட்ட ஒரு பழைய மைலோ டின்னில் அம்மாவின் கண் முன்னே போடுகிறார். "ஒன்னு, ரெண்டு, மூணு. பாத்துக்கிட்டீங்களாம்மா?" அம்மா தலையாட்டிய பிறகுதான் தண்ணீரில் கை வைத்துச் சூடு பார்க்கிறார். குளித்து முடித்து, பவுடர் போட்டு, மறுபடி டின்னைத் திறந்து அம்மாவின் மடியில் கவிழ்க்கிறார். அம்மா தன் விரலால் எண்ணுகிறார்.